புதன்கிழமைக் காட்சி

ஒரு போர்வை போதவில்லை. நளினி நாற்காலியில் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியின் இடது மூலையில் போர்வையைச் செருகினால் வலது மூலை வெளியே தெரிந்தது. வலது பக்கம் இழுத்தால் இடது நழுவி விழுந்தது. கீழே நின்ற சித்தி பவானேஸ்வரி இன்னொரு போர்வையை எடுத்து நீட்டினாள்.

"சாவு வீட்டுல டிவி தெரியக் கூடாதுடி. நல்லா மூடு. இவ்ளோ பெருசா எதுக்கு வாங்குன?"

"ஆஃபர்ல போட்டிருந்தான் சித்தி."

இரண்டாவது போர்வையையும் போட்டுவிட்டு இறங்கினாள். அப்பா திருச்செல்வம் நேற்று, புதன்கிழமை மதியம் இறந்துபோனார். உடல் இன்னும் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தது. ஜொகூரில் வேலை செய்யும் அண்ணன் குகன் காரை ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குக்கூட வராமல் நேராக அங்கே போயிருந்தான். சவப்பெட்டி ஒரு மணிக்கு வரும், நாலு மணிக்கு எடுத்துவிடலாம் என்று போனில் சொல்லியிருந்தான். வாசலில் கூடாரம் போட்டாகிவிட்டது. புக்கிட் பெருவாங்கில் அவர்கள் தாமான் குடியிருப்பின் சந்து ஒரு கார் போகும் அளவுதான். அக்கம்பக்கத்துக்காரர்கள் சொல்லாமலே தங்கள் கார்களை எடுத்துக்கொண்டு போய் மெயின் ரோட்டில் விட்டிருந்தார்கள்.

அறுபத்திரண்டு வயது. சர்க்கரை இருந்தது, ஏற்கெனவே ஒரு முறை நெஞ்சடைப்பும் வந்திருந்தது. அதனால் இறந்தார் என்பதில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. இறந்த இடம்தான் வந்தவர்களை எல்லாம் ஒரு நிமிடம் அதிகமாக நிற்க வைத்தது.

"எங்கம்மா விழுந்தாரு? ரோட்டுலயா?"

"இல்ல ஆன்ட்டி. தியேட்டர்ல."

"தியேட்டர்லயா? என்னா படம்?"

அது நளினிக்கும் தெரியாது. அப்பாவின் கைப்பேசியிலிருந்து கூப்பிட்ட போலீஸ்காரர் சொன்னது ஏதோ ஒரு சீனப் பெயர். அப்பாவுக்குச் சீனம் ஒரு வார்த்தை தெரியாது. வீட்டில் தியேட்டரைப் போன்ற திரை இருக்கிறது. மாதம் காசு கட்டி இரண்டு செயலிகள் வைத்திருக்கிறாள். தமிழ்ப் படங்கள் வெளிவந்து நாலு வாரத்தில் அதிலேயே வந்துவிடுகின்றன. அப்படியிருக்க, ஒரு புதன்கிழமை காலையில், சினிமாவுக்கு என்று யாரிடமும் சொல்லாமல், புரியாத மொழிப் படத்துக்கு அவர் ஏன் போனார்? நேற்று மாலையிலிருந்து அழுகைக்கு நடுவே அந்தக் கேள்வி வந்து வந்து நின்றது. இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் நின்றது.

ஒன்பது மணிக்குத் தனபாலன் பெரியப்பா வந்தார். உறவு ஒன்றும் இல்லை. லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் அப்பாவோடு ரப்பர் ஆலையில் இருபத்தேழு வருடம் ஒன்றாக வேலை செய்தவர். ஆலையை மூடியபோது இருவரும் ஒரே மாதத்தில் குடும்பத்தோடு டவுன் பக்கம் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் குரல் கூடத்துக்குள் வந்துவிட்டது. எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"மோகனா! என்னாம்மா இது! நாலு மாசமா ஆளையே பாக்கல, இப்படி வந்து பாக்கணுமா நானு!"

விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"நாலு மாசமாவா?"

"தைப்பூசத்துல பாத்ததுலா. அதுக்கப்பறம் எங்க வந்தான்? போனும் எடுக்க மாட்டேங்குறான்."

புதன்கிழமை தோறும் பத்து மணிக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு, "தனபாலன் வீட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா போவார். மூன்று மணிக்குத் திரும்பி வருவார். போன வாரம்கூட அங்கே ரம்புத்தான் சாப்பிட்டதாகச் சொன்னார். நளினி அம்மாவைப் பார்த்தாள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. எழுந்து, புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நளினி பின்னாலேயே போனாள். அடுப்பு எரியாத அடுப்படியில் அம்மா பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து நாலாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு கூட போனாருன்னு கேட்டியா?"

"தனியாத்தான் இருந்தாருன்னு போலீஸ் சொன்னாரும்மா."

"படம் முடிஞ்சப்ப தனியா. ஆரம்பிக்கறப்ப?"

"அம்மா."

"முப்பத்தி மூணு வருசம்டி. பொய் சொல்லத் தெரியாத மனுசன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன்." இன்னொரு பையை எடுத்து மடித்தாள். "பெட்டி வந்தா நீயும் ஒங்க அண்ணனும் பாத்துக்குங்க. நான் வெளிய வரல."

 அப்போது நளினியின் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் மலாயில் பேசினாள். தியேட்டரிலிருந்து. எண்ணைப் போலீஸிடம் வாங்கினாளாம். நேற்று இறந்துபோன அங்கிளின் பர்ஸ் இருக்கைக்கு அடியில் கிடந்ததாம். காலையில் கூட்டும்போது கிடைத்ததாம். ஐசி, அடையாள அட்டை, உள்ளே இருக்கிறது என்றாள்.

ஐசி இல்லாததால் இறப்புப் பத்திரம் வாங்க முடியாமல் குகன் ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருந்தான். நளினி வெளியே வந்து தனபாலனின் கையைப் பிடித்தாள்.

"பெரியப்பா, காடி இருக்கா? என்னையக் கொண்டு போய் விடுறீங்களா?"

காரில் ஏறியதும் தனபாலன் கேட்டார். "சினிமாவுக்கா போனான்? அவனா?"

"ஆமா பெரியப்பா."

"என்னா?"

"ஆமான்னேன்!"

"அவன் வீட்டுலதான் தியேட்டரே இருக்கேலா! 'என் மவ வாங்கிக் குடுத்தா, செவுரு முழுக்க இருக்கு'ன்னு பாக்கறவன்கிட்டயெல்லாம் சொல்லுவானே!"

நளினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படி ஊரெல்லாம் சொன்னது அவளுக்குத் தெரியாது.

கடைசியாகக் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனது போன வருடம். அண்ணி, அண்ணன் மகள் உட்பட ஆறு பேர். டிக்கெட் தலைக்கு இருபத்திரண்டு வெள்ளி. சோளப்பொரி, தண்ணீர், பார்க்கிங். அண்ணன் மகள் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டாள். அம்மாவுக்கு ஏர்கான் குளிர் தாங்காமல் இருமல். திரும்பும்போது காரை ஓட்டியது நளினிதான். "இனிமே தியேட்டரே வேணாம்லா. இந்தக் காசுக்கு ஒரு பெரிய டிவியே வாங்கிடலாம். காலை நீட்டி, நமக்கு வேணும்கிறப்ப நிறுத்தி, வீட்டுலயே பாத்துக்கலாம்" என்றாள். எல்லாரும் சரி என்றார்கள். பின்னிருக்கையிலிருந்து அப்பாவும் "சரிலா" என்றார். தீபாவளி போனஸில் வாங்கிவிட்டாள். மாட்ட வந்தவர்கள் போன பிறகு அப்பா அதன் முன் நின்று, கையை விரித்து அகலம் பார்த்தார். பிறகு அவளுடைய தலையில் கையை வைத்தார். 

பேரங்காடி திறந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. தனபாலன் கீழேயே காத்திருந்தார். தியேட்டர் மூன்றாவது மாடி. நுழைவிடத்தில் விலைப் பலகை விளக்கோடு மின்னியது. நளினி தன்னை அறியாமல் நின்று அதைப் படித்தாள். புதன்கிழமை மட்டும் விலை பாதிக்குச் சற்று மேல். அறுபது தாண்டியவர்களுக்கு அதிலும் குறைவு. புதன்கிழமைக்குக் காரணம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

டிக்கெட் கிழிக்கும் இடத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு மலாய்ப் பெண் நின்றிருந்தார். சட்டையில் ரோஹானி என்று பெயர் குத்தியிருந்தது. நளினியின் முகத்தைப் பார்த்ததும் அவரே முன்னால் வந்தார். பர்ஸை ஒரு வெள்ளை உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார். இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

"மகளா? அதே கண்ணு," என்றார் மலாயில்.

இருவரும் மலாயில்தான் பேசினார்கள். நளினி நன்றி சொன்னாள். திரும்பிப் போக வேண்டும், அண்ணன் காத்திருக்கிறான். ஆனால் கால் நகரவில்லை.

"காக்," என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டாள். "ஒன்னு கேக்கலாமா? அப்பா நேத்து யாரு கூட வந்தாரு?"

"யாரு கூடவும் இல்ல. எப்பவும் தனியாத்தான் வருவாரு."

"எப்பவுமா?"

"புதன் தவறாம. மழை பேஞ்சாலும் வருவாரு. ரெய்ன்கோட்ட அந்தத் தூண்கிட்ட காயப் போட்டுட்டு உள்ள போவாரு." ரோஹானி காட்டிய தூணில் ஒரு குழந்தைப் படத்தின் விளம்பரம் ஒட்டியிருந்தது. "ஆறேழு மாசமா வராரு. முதல்ல தமிழ்ப் படம். தமிழ்ப் படம் இல்லாத வாரத்துல எது இருக்கோ அது. ஒங்க அப்பா கவுன்டர்ல ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு."

"என்னா கேள்வி?"

"எதுல பேச்சு அதிகம்னு கேப்பாரு. சண்டைப் படம், கார் ஓட்டுற படம் வேணாம்பாரு. ஆளுங்க பேசிக்கிட்டே இருக்கற படம் வேணும்பாரு. சீனப் படம்னாலும் சரி, கொரியாப் படம்னாலும் சரி. ஒரு நாள் நானே கேட்டேன், அங்கிள், சீனம் புரியுமான்னு. புரியாதுன்னாரு. அப்பறம் சிரிச்சாரு. 'ஆனா கேக்குதே'ன்னாரு."

நளினி உறையைக் கையில் இறுக்கிக்கொண்டாள். ரோஹானி அவளை ஒரு கணம் பார்த்தார்.

"காது அவ்வளவு மோசமா இருந்துச்சே, மிஷின் போட்டுக்க மாட்டேன்னாரா?"

நளினி வேலை செய்வது ஆயர் குரோவில் ஒரு கிளினிக்கின் பதிவு முகப்பில். ஒரு நாளைக்குப் பத்து வயசாளிகளாவது வருவார்கள். 'அங்கிள், ஐசி' என்று முதலில் மெதுவாகவும், பிறகு குரலை உயர்த்தி இன்னொரு முறையும் சொல்வாள். யாருக்குக் கேட்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க உக்காருவாரு?" என்று கேட்டாள். 

ரோஹானி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல் காட்சிக்கு இன்னும் ஆள் வரவில்லை. விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "வா" என்று கதவைத் தள்ளினார்.

முதல் வரிசை, இடதுபக்கக் கடைசி. யாரும் கேட்டு வாங்காத இருக்கை. அங்கிருந்து பார்த்தால் திரை கோணலாகத் தெரிந்தது. ஆட்களின் முகங்கள் நீண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. தலைக்கு மேலே சுவரில், கையை நீட்டினால் எட்டும் உயரத்தில் ஒலிபெருக்கி.

"நடுவுல நல்ல சீட்டா தரேன் அங்கிள், அதே விலைதான்னு சொல்லுவேன். இத மட்டும் காட்டுவாரு." ரோஹானி தன் தலைத்துணியின் மேல் காதைத் தொட்டுக் காட்டினார். "நேத்தும் இங்கதான். விளக்கு போட்டதும் எல்லாரும் போய்ட்டாங்க. இவரு எப்பவும் கடைசிப் பேரு ஓடி, பாட்டு நிக்கற வரைக்கும் உக்காந்திருப்பாரு. ஆனா தூங்க மாட்டாரு. அதனாலதான் பக்கத்துல வந்து பாத்தேன்." நளினியின் தோளைத் தொட்டார். "கஷ்டப்பட்ட மாதிரி இல்ல. அத ஒங்க அம்மாகிட்டச் சொல்லு."

நளினி உட்கார்ந்தாள். ரோஹானி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

திரையில் ஒரு மலாய்ப் படத்தின் முன்னோட்டம் வந்தது. மருத்துவமனைக் கட்டிலில் ஒரு பெண்ணும் பக்கத்தில் அவள் கணவனும். அவள் ஏதோ கிசுகிசுத்தாள். அந்தக் கிசுகிசுப்பு மேலிருந்து நளினியின் தலைக்குள் நேராக இறங்கியது. வார்த்தைக்கு முன் உதடு பிரியும் சத்தம், மூச்சு இழுக்கும் சத்தம் எல்லாம் கேட்டன. அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை அழுத்தி மூடிக்கொண்டாள். அப்போதும் கேட்டது. மங்கலாக, ஆனால் சொல் சொல்லாக. இருக்கையின் கைப்பிடி முழங்கைக்கு அடியில் அதிர்ந்தது. நெஞ்செலும்பில் யாரோ விரலால் தட்டிப் பேசுவது போல் இருந்தது. கையை இன்னும் அழுத்தினாள். இன்னும் கேட்டது.

வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் பதினாலுக்கு மேல் போனதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ரிமோட் அவளிடம்தான் இருக்கும். முதல் மாதம் அப்பா படத்துக்கு நடுவே "என்னா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "படத்தப் பாருங்கப்பா" என்று இவள் சொல்வாள். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே, "இவரு ஒருத்தரு" என்பாள். பிறகு அவர் கேட்பதை நிறுத்தினார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு இவர் சிரிப்பார். அதற்கும் பிறகு, படம் பாதியில் இருக்கும்போது எழுந்து போய்க் கார் நிறுத்தும் இடத்தைக் கூட்ட ஆரம்பித்தார். அப்பாவுக்கு இப்போதெல்லாம் படத்தில் ஆசை இல்லை என்று அவள் அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள்.

கீழே தனபாலனிடம் உறையைக் கொடுத்தாள். அவர் அதை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. அப்பாவின் மோட்டார் அங்கேயே, தலைக்கவசம் கண்ணாடியில் தொங்க, நேற்று நிறுத்திய இடத்தில் நின்றது. மாற்றுச் சாவியை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள்.

"பெரியப்பா, அப்பாவுக்குக் காது கேக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தனபாலன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் அப்படித்தான் பார்க்கிறார் என்பதை இப்போதுதான் கவனித்தாள்.

"மில்லுல வேல செஞ்சவனுக்கு யாருக்குலா கேக்கும்?" என்றார். "அந்த மிஷின்ல நின்னா பக்கத்துல இருக்கறவன் வாய் அசையறதுதான் தெரியும். எனக்கு ரைட்டு சுத்தமா அவுட்டு. அதான் கத்துறேன், ஒங்க பெரியம்மா ஏசுவா. ஒங்கப்பன் கத்த மாட்டான். கேக்கலன்னா சிரிச்சிடுவான்." பிறகு குரல் இறங்கியது. "ஒங்களுக்குத் தெரியாதா?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

தலைக்கவசத்துக்குள் அப்பாவின் தைல வாசனை இருந்தது. நளினி மெதுவாக ஓட்டினாள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்தது. அவள் பேசும்போது அப்பா வேலையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார். பாசம் என்று நினைத்திருந்தாள். பாசமாகவும் இருந்திருக்கலாம். முதுகைக் காட்டி நிற்கும்போது சொன்ன எதற்கும் பதில் வந்ததில்லை. மறதி என்று நினைத்தாள். போன வருடம் காரில், சாலையைப் பார்த்துக்கொண்டு, இனிமேல் தியேட்டர் வேண்டாம் என்று அவள் சொன்னபோது பின்னிருக்கையிலிருந்து வந்த "சரிலா" எதற்குச் சொன்ன சரி? அதை இனி யாரிடம் கேட்பது? பின்னாலிருந்த லாரி ஹார்ன் அடித்தது. பச்சை விழுந்திருந்தது.

வீட்டில் அம்மா இன்னும் அடுப்படியில்தான் இருந்தாள். பைகள் எல்லாம் மடித்து முடிந்திருந்தன. தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சித்தி கொண்டுவந்து வைத்த தே ஓ, பால் விடாத தேநீர், குடிக்காமல் ஆறியிருந்தது.

நளினி எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா. அவரு தனியாத்தான் போயிருக்காரு. ஆறு மாசமா தனியாத்தான். அங்க வேல செய்யற அம்மாகிட்டப் பேசிட்டு வரேன்."

"எதுக்கு?"

"காது கேக்கலம்மா அப்பாவுக்கு. அங்க சத்தமா இருக்கும்ல. ஸ்பீக்கருக்கு அடியில உக்காந்திருக்காரு. யாராச்சும் பேசறது கேக்கணும்னு போயிருக்காரு."

அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வெளியே யாரோ நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக மோதி விழுந்தன.

"கேக்கலியா?" என்றாள் கடைசியில்.

"ரொம்ப நாளாவே கேக்கல போலம்மா. மில்லுல இருந்தே. தனபாலன் பெரியப்பாவுக்கும் அப்படித்தானாம்."

"இங்கேருந்து கூப்பிடுவேன்." அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "சாப்பிட வாங்கன்னு. வர மாட்டாரு. ஒரு தடவ, ரெண்டு தடவ. திமிருன்னு நெனச்சேன்டி. என்னா பெரிய மனுசன், கூப்பிட்டா ஒரு 'ம்' கூட இல்லன்னு. அப்பறம் நான் கூப்பிடறதையே விட்டுட்டேன். தட்ட மேசையில வச்சிட்டு வந்துடுவேன். ரெண்டு வருசம் இருக்கும்."

அம்மா அடுப்பிலிருந்து பார்வையை எடுத்து நளினியைப் பார்த்தாள்.

"அப்ப நான் ஏசுனதெல்லாம்?"

"பாதி கேட்டிருக்காதும்மா."

அம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு போலத்தான் தொடங்கியது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தோள்கள் கொஞ்ச நேரம் குலுங்கின. பிறகு நின்றன.

"போன திங்கக்கெழம," என்றாள், முந்தானையை எடுக்காமலே, "அவரு பூச்செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தாரு. பின்னாடி நின்னு ஒன்னு சொன்னேன். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தது. அவரு திரும்பவே இல்ல. சரி, அவ்ளோதான் போலன்னு உள்ள வந்துட்டேன்."

"என்னாம்மா சொன்னீங்க?"

அம்மா முந்தானையை இறக்கிவிட்டு எழுந்தாள். சிறு வயதிலிருந்தே எதையும் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டு வாங்கித்தான் நளினிக்குப் பழக்கம். அன்று அவள் மறுபடி கேட்கவில்லை.

ஆறிய தே ஓவை எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு அம்மா முகம் கழுவினாள். தலைமுடியை அவிழ்த்து மறுபடி கொண்டை போட்டாள். வெளியே வந்து விளக்குக்குப் பக்கத்தில், முன்பு இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். சித்தி கண்ணாலேயே 'என்ன' என்று நளினியைக் கேட்டாள். நளினி பிறகு சொல்வதாகக் கையைக் காட்டினாள்.

பெட்டி ஒன்றே காலுக்கு வந்தது. குகன் பெட்டியோடு வண்டியிலேயே வந்தான். முகம் வீங்கியிருந்தது. அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை, வேட்டி போட்டிருந்தார்கள். மூக்கிலும் காதிலும் பஞ்சு வைத்திருந்தார்கள். நெற்றியில் திருநீறு புதிதாக இருந்தது. ஆட்கள் வந்தார்கள், சுற்றி வந்தார்கள், பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் தணிந்த குரலில் பேசினார்கள். தேவாரம் பாட வந்தவரும் வீட்டின் துக்கத்துக்கு மரியாதையாகக் குரலை அடக்கித்தான் பாடினார். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்றாவது பாட்டின்போது அம்மா சொன்னாள், "ஐயா, கொஞ்சம் சத்தமா பாடுங்க."

அவர் குழம்பினார். ஆனாலும் குரலை உயர்த்தினார். அம்மா கையால் 'இன்னும்' என்பது போலக் காட்டினாள். இன்னும் உயர்த்தினார். சந்தின் கடைசி வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது.

வாய்க்கரிசி போட்டு முடிந்தது. மூன்றே முக்கால். பெட்டியை மூடுவதற்காக இரண்டு ஆட்கள் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வண்டிக்காரர் முன்னால் வந்து, "கடைசியா முகம் பாக்கறவங்க பாத்துக்குங்க" என்றார். அம்மா எழுந்தாள். தலைமாட்டுக்குப் போனாள். குனிந்து, சற்று நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத எடுங்க," என்றாள்.

"எதும்மா?"

"காதுல இருக்கறத."

வண்டிக்காரர் குகனைப் பார்த்தார். "அது இருக்கணும்மா. எடுக்கக் கூடாது."

"மூக்குல இருக்கறது இருக்கட்டும்."

குகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்து இழுக்கப் போனான். நளினி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துடுங்கண்ணே," என்றாள் வண்டிக்காரரிடம்.

அவர் தயங்கியபடி கையுறை மாட்டிக்கொள்ளப் போனார். அதற்குள் அம்மாவே விரலை விட்டு இரண்டு காதுகளிலிருந்தும் எடுத்துவிட்டாள். இரண்டு சிறிய வெள்ளை உருண்டைகள். அவற்றை எங்கே போடுவதென்று தெரியாமல் ஒரு கணம் விழித்தாள். பிறகு இடுப்பில் புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள்.

மூடியைத் தூக்கி நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். அம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடும் குரலில் சொன்னாள்.

"ஏங்க! நேரம் ஆச்சு! எல்லாரும் வந்துட்டாங்க! கெளம்பலாங்க!"

கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.